இஸ்திரி போடாத சட்டை

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே சலவைக் கடையைத் திறந்துவிட்டார்.

திறக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். மைத்துனர் போனில் சொன்னார். எதிர்க்கடைத் தையல்காரர்கூட, "ஒரு நாலு நாள் மூடி வெச்சாத்தான் என்ன?" என்று ஆறுதலாகக் கேட்டார். அந்த ஆறுதல்தான் அவருக்கு ஆகவில்லை. மூடிய கதவைப் பார்த்து ஆளுக்கொரு கதை கட்டிவிடலாம். திறந்த கடையில் நிமிர்ந்து நிற்கிறவனைப் பார்த்துக் கதை கட்டுவதற்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும்.

தெருவில் அவருக்குக் 'கஞ்சி' என்று பெயர். சட்டைக் காலருக்குப் போட்டது போக மிச்சத்தைத் தன் முதுகுக்குப் போட்டுக்கொள்கிறார் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார். முப்பத்தொரு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறார். யார் முன்னாலும் குனிந்து நின்றதில்லை.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை, கடைக்குத் துணி போடும் விடுதியின் பின்புற மாடிப்படி அடியில் அதன் மேலாளர் மண்டை உடைந்து கிடந்தார். படுக்கை விரிப்பு மூட்டை எடுக்கப் போன இவர் மகன் சின்னவன் அவர்மேல் குனிந்திருந்ததையும், பிறகு ஓடியதையும் பக்கத்துக் கட்டிடத்துச் சமையல்காரம்மாள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். அதற்கு நாலு நாள் முன்னால், விரிப்புகளைக் கிழித்தது யார் என்ற தகராறில், "உன் மண்டையை உடைக்கிறேன் பார்" என்று அதே மேலாளரைப் பார்த்துச் சின்னவன் பத்துப் பேர் காதுபடக் கத்தியிருக்கிறான். புதன்கிழமை காலை போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது. இன்று பதினோரு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள்.

மேலாளர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

இவ்வளவும் தெருவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று, கடையின் நடுக்கம்பியில், நாற்பது சட்டைகளுக்கு நடுவே, நீலக் கட்டம் போட்ட சட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலர்களுக்குக் கஞ்சி தடவினார். மூன்று காலர் முடிப்பதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

பெரியவள் வந்தாள். அவருடைய மூத்த பிள்ளை. கடையின் நீராவி இஸ்திரி அவள் பொறுப்பு. தாய் போனபிறகு வீடும் அவள் பொறுப்புத்தான்.

"அப்பா, அவன் ரெண்டு நாளா ஒரே சட்டையில இருக்கான். மாத்துச் சட்டை கொண்டு வரச் சொன்னாங்க வக்கீலம்மா. கசங்கிப்போய் அங்க நிக்க வேணாம்."

"அந்த வெள்ளையை எடுத்துக்கோ."

"வெள்ளையா? பொண்ணு பாக்கவா போறான்?" அவள் கம்பியைத் தள்ளினாள். ஹேங்கர்கள் கடகடவென்று நகர்ந்தன. "இதோ இந்தக் கட்டம் போட்டது இருக்கே. துவைச்சுதான் தொங்குது. ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டை பலகைமேல் விரிந்துவிட்டது. அவள் கால் மிதியை அமுக்கியது. நீராவி புஸ்ஸென்று கிளம்பியது.

"வைக்காதே!"

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பெரியவள் இஸ்திரியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இந்தக் கடையில் ஒரு துணிமேல் இஸ்திரி வைக்காதே என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பன்னிரண்டு வயதிலேயே கற்றுக்கொண்டது. சந்தேகம் இருக்கிற துணிமேல் சூடு படக் கூடாது. பட்டால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்த மருந்துக்கும் எழுந்திருக்காது.

இஸ்திரியை அதன் தாங்கியில் வைத்தாள். சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"சோப்பு வாசனையே இல்ல. பச்சைத் தண்ணியில உப்புப் போட்டுத் தனியா அலசியிருக்கீங்க." குரல் தாழ்ந்தது. "ரத்தத்துக்கு மட்டும்தான் நீங்க அப்படி அலசுவீங்க."

அவர் கஞ்சிப் பாத்திரத்தைக் கலக்கினார். கலக்க வேண்டிய அவசியம் இல்லை.

"எப்பப்பா?"

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம். அவன் வந்து சட்டையைக் கூடையில போட்டுட்டு, 'ஒண்ணும் கேக்காதீங்கப்பா'ன்னு குளிக்கப் போனான். நான் கேக்கல."

"நேத்து இன்ஸ்பெக்டர் வீட்டைச் சோதனை போட வந்தாரே? நான் வக்கீலம்மாவைத் தேடி ஓடியிருந்தப்போ. அவர் கேக்கலையா?"

"பேண்டையும் செருப்பையும் எடுத்துக்கிட்டார். சட்டை எங்கன்னு கேட்டார். இங்க அழுக்குத் துணி எதுவும் இல்லைன்னு சொன்னேன்."

"பொய் சொன்னீங்க."

"பொய் இல்ல. அழுக்கே இல்லையே."

அவள் சிரித்தாள். அடி வயிற்றிலிருந்து வராமல் தொண்டையிலேயே நின்றுவிட்ட சிரிப்பு. "பொய்யே சொல்லாத மனுஷன்! எவ்வளவு சுத்தமா சொல்லியிருக்கீங்க!"

அந்தச் சிரிப்பு அவரைக் குத்தியது. கையை ஓங்கும் வழக்கம் அவருக்கு இல்லை, கையைத் துடைத்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மைத்துனர். உறவுக்குள் அவருக்குச் 'சிபாரிசு' என்று பெயர். எந்த ஆபீசின் பெயரைச் சொன்னாலும் அங்கே எனக்கு ஓர் ஆள் உண்டு என்பார். அந்த ஆளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பலகைமேல் கிடந்த சட்டையையும் இரண்டு முகங்களையும் பார்த்து, இரண்டு கேள்வியில் விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"நல்ல காரியம் பண்ணீங்க மச்சான்! இனிமே வாயே திறக்காதீங்க. சட்டையை என்கிட்ட குடுங்க. நகராட்சிக் குப்பைக் கிடங்குல எனக்கு ஒரு ஆள்..."

"மாமா," என்றாள் பெரியவள், இஸ்திரியை மறுபடி கையில் எடுத்து. "அந்தச் சட்டையில விரல் வெச்சீங்கன்னா உங்களையும் இந்தப் பலகையில படுக்கப் போட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சிடுவேன்."

"பாத்தீங்களா மச்சான், எப்படிப் பேசுறா!"

"சரியாத்தான் பேசுறா," என்றார் அவர்.

பெரியவள் சட்டையைக் காகிதத்தில் மடித்துச் சுற்றினாள். பாலிதீன் உறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தொடவில்லை. ஈரம் மிச்சம் இருந்தால் பாலிதீனுக்குள் துணி புழுங்கிவிடும். பொட்டலத்தை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"நானும் அங்க வரேன். வக்கீலம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

கோர்ட்டின் நீளத் தாழ்வாரத்தில் உட்கார இடமில்லை. உட்கார இடம் இருந்தாலும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். சுவர் ஓரமாக இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு நடந்தார். தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தார்.

வக்கீலம்மா அவசர நடையில் வந்தாள். அவள் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி இவர் கடையில்தான். இடது மடிப்பு நசுங்கியிருப்பதை அந்த நிலைமையிலும் அவர் கண் பிடித்துவிட்டது.

"நேத்து பையன்கிட்ட பேசிட்டேன். முதல்ல இதைத் தெரிஞ்சுக்குங்க. இன்னிக்குத் தீர்ப்பு நாள் இல்ல. அவன் குற்றவாளியா இல்லையான்னு இன்னிக்கு யாரும் முடிவு பண்ணப் போறதில்ல. விசாரணை முடியற வரைக்கும் உள்ள வைக்கிறதா, ஜாமீன்ல வெளிய விடுறதா, அவ்வளவுதான்."

"அவன் பண்ணலைன்னு நாங்க எப்படி நிரூபிக்கிறது?" என்றார் மைத்துனர்.

"நீங்க நிரூபிக்க வேண்டியதே இல்ல. அவன் பண்ணான்னு அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா சமையல்காரம்மா பாத்தது இருக்கு, அவன் மிரட்டினது இருக்கு. நம்ம பக்கம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்." அவள் அவரைப் பார்த்தாள். "அவன் சட்டை."

அவர் கையில் காகிதப் பொட்டலம் சரசரத்தது.

"அவன் சொல்றதைக் கேளுங்க. கீழ படிக்கட்டடியில இருந்த மூட்டையைத் தூக்கி வேன்ல போட்டுட்டு, கையெழுத்து வாங்க மேல ஏறியிருக்கான். படியில மேலாளர் கிடக்கிறார். குனிஞ்சு, இடது தோள்ல தூக்கிப்போட்டுக் கீழ எறக்கியிருக்கான். கத்தியிருக்கான். யாரும் வரல. மருந்துக்கடை வாசல்ல போய் ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கன்னு கத்திட்டு, கூட்டத்தைப் பாத்ததும் பயந்து வேனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான். போன வாரம் மிரட்டினது ஞாபகம் வந்துடுச்சு அவனுக்கு. மருந்துக்கடைக்காரர் யாரோ கத்தினாங்கன்னு சொல்றார், முகம் தெரியலைங்கிறார்."

"சரி."

"அடிச்சவன் சட்டைன்னா ரத்தம் முன்பக்கம், கைமடிப்புல தெறிச்சிருக்கும். தூக்கினவன் சட்டைன்னா தோள்ல, முதுகுப் பக்கமா அப்பியிருக்கும். அந்தச் சட்டையைப் பாத்தாலே போதும். கூடையில போட்டேன், அப்பாகிட்ட இருக்கும்னு சொல்றான்."

அவருக்குச் சட்டென்று கண் முன்னால் வந்தது. இடது தோள். உள்ளங்கை அகலத்துக்கு, முதுகுப் பக்கம் இறங்கியிருந்த கறை. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. கைமடிப்பில் ஒரு பொட்டு இல்லை.

பத்தடி தூரத்திலிருந்தே காப்பியா, மையா, இயந்திர எண்ணெயா என்று சொல்லிவிடுகிறவர். எப்படி நின்று, எந்தக் கையால் கொட்டிக்கொண்டார்கள் என்பதுகூடச் சொல்வார். அன்றைக்கு மட்டும் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

"துவைச்சுட்டேன்," என்றார்.

வக்கீலம்மா அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எதுக்காகத் துவைச்சீங்க?"

"பழக்கம்தாங்க!" மைத்துனர் முந்திக்கொண்டார். "சலவைக் கடைக்காரர் துவைக்காம என்ன பண்ணுவார்? கை தானா போகும்!"

"உங்களைக் கேக்கல." அவள் இவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சட்டத்துல ஒரு காரியம் குற்றமாகணும்னா பொதுவா ரெண்டு வேணும். கை செஞ்சிருக்கணும், மனசும் கூட இருந்திருக்கணும். பழக்கத்துல துவைச்சிருந்தா அது சலவை. மறைக்கணும்னு துவைச்சிருந்தா சாட்சியத்தை அழிச்ச குற்றம். உங்க மனசுல என்ன இருந்துதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்லித் தர முடியாது, தரவும் மாட்டேன்."

"பழக்கம்னு சொன்னா?"

"நீங்க தப்பிக்கலாம். ஆனா வெறும் பழக்கம்னா நேத்து இன்ஸ்பெக்டர் கேட்டப்போ ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. பையன் சொல்லித்தான் மறைச்சீங்கன்னு அவன் தலையில வந்து விழும்."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.

சின்னவனை இரண்டு காவலர்கள் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கசங்கிய சட்டை. ஒரு பக்கத் தலைமுடி தூங்கி எழுந்ததுபோல் நின்றது. கைக்குழந்தை மாதிரி இருந்தான், இருபத்தாறு வயதில். மாற்றுச் சட்டையை யாருமே அவனிடம் கொண்டுசேர்க்கவில்லை. அப்பாவைக் கண்டதும் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

அந்த ஓர் அசைவை அவரால் தாங்க முடியவில்லை.

அரசு வக்கீல் எழுந்தார். "குற்றம் சாட்டப்பட்ட எதிரி சம்பவத்தின்போது அணிந்திருந்த சட்டையை மறைத்துவிட்டார். வெளியே விட்டால் மற்ற சாட்சியங்களையும் கலைத்துவிடுவார். ஜாமீன் தரக் கூடாது."

"மறைக்கலீங்க," என்றான் சின்னவன். "வீட்டுக் கூடையில போட்டேன். அங்கதான் இருக்கும். எங்கப்பாவைக் கேளுங்க."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தான். கேட்டால் அப்பா சொல்லிவிடுவார் என்கிற பார்வை. சந்தேகமே இல்லாத பார்வை.

மைத்துனரின் கை அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. "உக்காருங்க மச்சான், உக்காருங்க!"

அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். "நான்தான் துவைச்சேன்."

அறை முழுதும் திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் இவர்?"

"எதிரியின் தகப்பனார்," என்றாள் வக்கீலம்மா.

"இங்க இப்படி நடுவில எழுந்து பேசக் கூடாது. உக்காருங்க. நீங்க சாட்சியா வரல. சொல்ல வேண்டியதை விசாரணை அதிகாரிகிட்ட வாக்குமூலமா குடுங்க. சட்டை இருந்தா இன்னிக்கே ஒப்படைங்க." பேனா ஓடியது. "ஜாமீன் மனு திங்கட்கிழமை. அதுவரைக்கும் காவல்."

அவ்வளவுதான். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரை உட்காரச் சொல்லி, அவர் உட்கார்ந்தார்.

பெரியவள் வாசலிலேயே விடைபெற்றாள். "நான் கடைக்குப் போறேன். விடுதியில ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, செவ்வாய்க்கிழமை மூட்டை என்னாச்சுன்னு. வேன்லேர்ந்து நான் எறக்கி வெச்சதுதான், இன்னும் பிரிக்கவே இல்ல." போகிறபோக்கில் அப்பாவின் கையை ஒரு தடவை இறுக்கிவிட்டுப் போனாள்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் சீருடை முறுக்காக இருந்தது. இருக்காதா? அந்தக் கஞ்சியும் இவர் போட்டதுதான்.

"உக்காருங்க பெரியவரே. உங்களை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்?" அவர் தானே எழுதினார், எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். "'...கூடையில் கிடந்த சட்டையை, என் தொழில் வழக்கப்படி, மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன்.' சரிதானே? கையெழுத்துப் போடுங்க."

மைத்துனரின் முகம் மலர்ந்தது. கண்ணாலேயே 'போடுங்க, போடுங்க' என்றது.

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். அந்த வரியைப் பார்த்தார். நல்ல வரி. மரியாதையான வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்குப் போகலாம். கடைக் கம்பியில் ஒரு சட்டை குறைந்திருக்கும், வேறு ஒன்றும் குறையாது.

ஆனால் வழக்கப்படி துவைத்திருந்தால் யார் துணி என்று காட்டும் அடையாளத் துண்டு கட்டியிருப்பார். அன்று கட்டவில்லை. மற்ற துணிகளோடு சேர்த்திருப்பார். சேர்க்கவில்லை. பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னத் தொட்டியில், கையாலேயே அலசினார். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடி, பிறகு தெளிந்ததை நின்று பார்த்தார். தெளிந்தபோது அப்பாடா என்று இருந்தது.

"இது இல்லீங்க," என்றார்.

"எது?"

"வழக்கப்படி இல்ல. தனியாத் துவைச்சேன். யாரும் சொல்லல, அவனுக்கும் தெரியாது. மண்டையை உடைப்பேன்னு அவன் கத்தினது தெரு முழுக்கத் தெரியும். சட்டையைப் பாத்ததும் செஞ்சுட்டான்னு நெனச்சேன். குடும்பத்துல போலீஸ் காலடி படக் கூடாதுன்னு துவைச்சேன். அப்படியே எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, இப்படி எழுதினா உங்க மேலயும் ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும்."

"போடுங்க."

"மச்சான்!"

"நீ சும்மா இரு. எந்த ஆபீஸ்லயும் உனக்கு ஆள் வேணாம் இப்போ."

பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார். காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துத் தானே பிரித்தார்.

அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இத்தனை வருடத்தில் வாடிக்கைக்காரர் ஒருவரிடம்கூடச் சொல்லாத வார்த்தை.

"முழுசாப் போயிருக்காது," என்றார். "தோள்பட்டையில துணி ரெட்டையா வரும். நடுவுல தையல் இருக்கு. என்ன அலசினாலும் உள்ளுக்குள்ள கொஞ்சம் நிக்கும். அங்க பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. வெயில்ல வைக்காதீங்க. இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீங்க, சூடு படவே கூடாது."

தன் கைவேலையில் மிச்சம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட சலவைக்காரரை அந்த மேசை அதற்கு முன் பார்த்திருக்காது.

"இதை அவனுக்குப் படிச்சுக் காட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"வழக்கு நடக்கும்போது தெரியத்தானே போகுது."

"அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

கோர்ட்டிலிருந்து சின்னவனை நிலையத்துக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். சிறைக்குப் போகும் வண்டி வாசலில் காத்திருந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவன் எழுந்து வந்தான். "சாப்டீங்களாப்பா?"

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் நினைவில் இல்லை.

"நான்தான் துவைச்சேன்."

"அதான் அங்கேயே சொன்னீங்களே. பரவாயில்லப்பா. பழக்கதோஷம்."

"பழக்கத்துல இல்ல."

சின்னவன் புரியாமல் பார்த்தான். பிறகு மெல்லப் புரிந்தது. புரிவதை அவன் முகத்தில் ஒவ்வொரு படியாக அவர் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க."

"நெனச்சேன்."

வெளியே வண்டி ஓட்டுநர் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சின்னவன் கம்பியில் உரிந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினான்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

"வக்கீலம்மா சொன்னதுக்கப்புறமா?"

இதற்கும் ஒரு நல்ல பதில் இருந்தது. அதையும் விட்டுவிட்டார். "ஆமா. கறை எங்க இருந்துச்சுன்னு அப்பத்தான் நெனச்சுப் பாத்தேன்."

சின்னவன் தலையை ஆட்டினான். கோபம் வரும் என்று காத்திருந்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இஸ்திரி போடலையே?"

"போடல. உங்கக்கா வைக்கப் போனா. கத்திட்டேன்."

"அப்ப சரி." காவலர் பூட்டைத் திறந்தார். வெளியே வந்தவன் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினான். "அப்பா, அடுத்த தடவை நான் கேக்காதீங்கன்னு சொன்னாலும் கேளுங்க."

வண்டி கிளம்பியது. தூசி அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அதை அப்படி வைத்துக்கொள்வதற்கு இன்றைக்குப் பாடுபட வேண்டியிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. பெரியவள்.

"அப்பா, குறுக்க பேசாம கேளுங்க." குசுகுசுவென்று பேசினாள். பின்னால் தண்ணீர் சத்தம் இல்லை, இஸ்திரி சத்தம் இல்லை. "விடுதி மூட்டையைப் பிரிச்சேன். நடுவுல ஒரு துண்டு, உள்பக்கமா மடிச்சுத் திணிச்சு வெச்சிருக்கு. காஞ்சுபோன ரத்தம். யாரோ கையைத் துடைச்சிருக்காங்க."

மூட்டை. படிக்கட்டடியில் இருந்த மூட்டை. சின்னவன் அதை வேனில் போட்ட பிறகுதான் மேலே ஏறினான். ஏறினபோது மேலாளர் ஏற்கெனவே கிடந்தார். அப்படியென்றால் துடைத்த கை அதற்கு முன்பே துடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

"நான் தண்ணியில போடலப்பா. தொடக்கூட இல்ல."

யார் நம்புவார்கள்? சாட்சியத்தை அழித்தேன் என்று கையெழுத்துப் போட்டு இன்னும் மை காயவில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டவன் கடையிலேயே அவன் மகனைக் காப்பாற்றுகிற துண்டு! அரசு வக்கீல் சிரிக்க மாட்டாரா? பின்கட்டும் சின்னத் தொட்டியும் பச்சைத் தண்ணீரும் ஒரு கணம் மனதில் வந்து போயின. வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"துண்டு மூலையில ரூம் நம்பர் தைச்சிருக்கு, பதினாலுன்னு," என்றாள் பெரியவள். குரல் இன்னும் தாழ்ந்தது. "அப்பா, இன்னொண்ணு. கவுண்டர்ல ஒருத்தர் வந்து நிக்கிறார். விடுதி ஆள் இல்ல, முன்ன பின்ன பாத்ததே இல்ல. செவ்வாய்க்கிழமை மூட்டையைத் துவைச்சாச்சான்னு கேக்கிறார். என்னன்னு சொல்ல?"

"என்னவாம் மச்சான்?" என்று மைத்துனர் தோளை உலுக்கினார்.

அவர் இன்ஸ்பெக்டரின் அறையைப் பார்த்து ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்.

"துவைச்சாச்சுன்னு சொல்லு," என்றார் போனில். "கொடியில காயுதுன்னு சொல்லு. எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்துல வெச்சுக்கோ. அந்த ஆளை உக்கார வை."

இந்தத் தடவை சொன்னது முழுப் பொய். நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

கதவைத் தட்டாமலே தள்ளினார். "சார், தொப்பியை எடுத்துக்குங்க. என் கடைக்குப் போகணும்."